ஏ கணக்கிலிருந்து பி கணக்குக்கு: வங்கிகள் கம்ப்யூட்டர் ஆட்களைத் தேடிய கதை

வங்கியில் சாஃப்ட்வேர் வேலைக்கு இன்டர்வியூ போய்வந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இந்தக் கேள்வியைச் சொல்வார்கள். ஏ கணக்கிலிருந்து பி கணக்குக்கு 500 ரூபாய் மாற்ற வேண்டும். ஏ கணக்கில் கழித்தாயிற்று. பி கணக்கில் கூட்டுவதற்குள் சர்வர் படுத்துவிட்டது. இப்போ அந்த 500 ரூபாய் எங்கே இருக்கு?

என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் "டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆகிடும் சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். சரியான பதில்தான். ஆனால் இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இதே கேள்வியை வங்கிகள் எப்படிச் சமாளித்தன, அதற்கு எப்படிப்பட்ட ஆளைத் தேடின என்று பார்க்கப் போனால் அது நம்ம ஊர் சமாச்சாரமாகவே இருக்கிறது. கொஞ்ச நாளாக எடுத்து வைத்திருந்த குறிப்புகளைத் தொகுத்து எழுதுகிறேன்.

ரொம்பப் பின்னால் போக வேண்டுமென்றால் உத்திரமேரூர் வரை போகலாம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதில் பொன்னைச் சோதிக்கும் பொன் வாரியமும் உண்டு. வாரியத்துக்கு யார் வரலாம் என்பதைவிட யார் வரக்கூடாது என்ற பட்டியல்தான் எனக்குச் சுவாரசியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் வரக்கூடாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக்கூடாது. கணக்கு எழுதுபவருக்கு இன்னொரு விதி: தான் எழுதிய கணக்கைத் தானேதான் ஒப்படைக்க வேண்டும், வேறொரு கணக்கர் வந்து அதை முடித்துக் கொடுக்கக் கூடாது. இன்றைக்கு 'பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்' என்று ஒரு ஏஜென்சிக்காரர் பழைய கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் லேவாதேவிக் கடைகளில் ஆள் எடுப்பதற்கு இன்டர்வியூவே கிடையாது. பையனை சின்ன வயசிலேயே பெட்டியடியில் உட்கார வைத்துவிடுவார்கள். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, பின் மேலாளாகி மூன்று வருஷத் தவணையில் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பல் ஏறுவான். அவன் யார் வீட்டுப் பிள்ளை, அப்பா எந்தக் கடையில் இருந்தார் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அதுதான் சோதனை. நம்ம தென் மாவட்டத்தில் 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கியும் இந்த மாதிரி முகம் தெரிந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாகப் பெயர் மாறியது. தெரிந்தவனுக்கு மட்டுமே கதவு திறக்கும் என்பது இந்த முறையின் பலம். மற்றவனுக்கு அது மூடியே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூடிய கதவு திறந்தது 1969க்குப் பிறகு. ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமாயின, 1980இல் இன்னும் ஆறு. கிளைகள் சின்ன ஊர்களுக்கெல்லாம் வந்தன. 1977இல் ஐ.ஓ.பி. ஆதரவில் பாண்டியன் கிராம வங்கி தொடங்கியது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வெகுகாலம் இயங்கி, 2019இல் பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கியானது. 70களின் இறுதியில் பி.எஸ்.ஆர்.பி. என்கிற பணியாளர் தேர்வு வாரியங்கள் வந்தபோது, ராஜபாளையத்தில் மில் தொழிலாளி வீட்டுப் பையனும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நெசவாளர் வீட்டுப் பெண்ணும் ஒரே பரீட்சையை எழுதி வங்கிக்குள் நுழைய முடிந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சில் "மாப்பிள்ளை பேங்க்ல" என்று சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், கையில் பொது அறிவுப் புத்தகம், சாயந்திரம் ரீசனிங் கணக்கு. ஒரு தலைமுறையே அப்படித்தான் மேலே ஏறியது. இந்த வாசல் திறந்திருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அது சில வருஷம் மூடியபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உள்ளே போனவர் செய்த வேலை என்ன? லெட்ஜர். பெரிய அட்டை போட்ட கனமான பேரேடு. வாடிக்கையாளர் செக் கொடுத்தால் பித்தளை டோக்கன் கொடுப்பார்கள். செக் லெட்ஜர் கிளார்க்கிடம் போகும். அவர் பேரேட்டைப் புரட்டி, இருப்பைப் பார்த்து, பற்று எழுதி, அதிகாரிக்குத் தள்ளுவார். அதிகாரி கையெழுத்தைச் சரிபார்த்து பாஸ் பண்ணுவார். பிறகுதான் கேஷியர் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார்.

இதை ஒரு சாஃப்ட்வேர்காரன் கண்ணோடு பாருங்கள். ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பணம் எடுத்தால் என்ன ஆகும் என்று இன்டர்வியூவில் இன்னொரு கேள்வி கேட்பார்கள், 'லாக்' போட வேண்டும் என்பது பதில். பழைய வங்கியில் அந்தப் பேரேடே லாக்தான். ஒரு புத்தகம், ஒரு ஜோடிக் கை. புத்தகம் யார் மேஜையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் எழுத முடியும். கிளார்க் எழுதி அதிகாரி சரிபார்த்ததைத்தான் இன்றைக்கு 'மேக்கர் செக்கர்' என்கிறோம். சாயந்திரம் எல்லாப் பேரேட்டின் கூட்டலும் பொதுப் பேரேட்டோடு டேலி ஆக வேண்டும். பத்து பைசா இடித்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த டேலிதான் இன்றைய 'எண்ட் ஆஃப் டே'. ஜூன், டிசம்பர் அரையாண்டு வட்டிக் கணக்குக்கு ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்த கதைகளை ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களிடம் கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வார்கள். கேட்டுப் பாருங்கள், நல்ல கதைகள்.

இனி 1983. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இந்த வருஷம்தான்.

அந்த ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த தியோ ஹெர்டர், ஆன்ட்ரியாஸ் ராய்ட்டர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையில் 'ஆசிட்' என்ற சுருக்கெழுத்தை உருவாக்கினார்கள். ஒரு பரிவர்த்தனை முழுசாக நடக்க வேண்டும், இல்லையேல் நடக்கவே கூடாது. நடந்த பிறகு கணக்கு முரண்படக் கூடாது. பக்கத்தில் நடக்கும் இன்னொன்றோடு மோதக் கூடாது. முடிந்தது என்று சொன்னபின் கரண்ட் போனாலும் அழியக் கூடாது. நான்கு விதிகளின் முதல் எழுத்துகள் சேர்ந்தது ஆசிட். இதற்கான அடித்தளத்தைப் பெரும்பாலும் போட்டவர் அமெரிக்காவின் ஜிம் கிரே. அவர் 1985இல் நண்பர்களோடு வெளியிட்ட வேகச் சோதனையின் பெயரே 'டெபிட் கிரெடிட்'. அந்தச் சோதனைக்கு எடுத்துக்கொண்ட உதாரணமும் ஒரு வங்கிதான்: 1,000 கிளைகள், 10,000 டெல்லர்கள், 1 கோடி கணக்குகள், நொடிக்கு 100 பரிவர்த்தனை. ஏ கணக்கு, பி கணக்குக் கேள்வி பாடப்புத்தகத்தில் வந்து உட்கார்ந்தது இந்த வழியாகத்தான்.

அதே 1983 செப்டம்பரில் இந்தியாவில் வேறொரு கையெழுத்து விழுந்தது. வங்கிகளில் எந்திரங்களை எந்த அளவுக்குக் கொண்டுவரலாம் என்று இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் பேசி ஒப்பந்தம் போட்டன. எவ்வளவு எந்திரம், எந்த மாதிரி, எந்தக் கிளைகளில் என்பதற்கெல்லாம் வரம்பு. அங்கே நொடிக்கு 100 பரிவர்த்தனை என்று அளந்துகொண்டிருந்தார்கள். இங்கே கிளைக்குள் ஒரு மெஷின் வரலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இதைப் படித்ததும் "யூனியன்காரங்களாலதான் நாடு பின்தங்கிச்சு" என்று சொல்லத் தோன்றும். ஐ.டி. கம்பெனி கேன்டீன்களில் இதை நிறையக் கேட்டிருக்கிறேன். நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். 60களிலேயே கல்கத்தாவில் எல்.ஐ.சி. கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் ஊழியர்கள் பெரிய போராட்டம் நடத்தியிருந்தார்கள். ஒரு வங்கி வேலைக்கு ஆயிரக்கணக்கில் பட்டதாரிகள் வரிசையில் நின்ற நாட்டில் அந்தப் பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை. பேச்சுவார்த்தை நடந்ததால் ஒரு விளைவு வந்தது. எந்திரம் வந்தபோது அதில் உட்கார வெளி ஆளை எடுக்கவில்லை, உள்ளே இருந்த ஆளையே பழக்கினார்கள். லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்தவர் மெஷினில் பதிவு போட்டார். அதிகாரிகளில் கணக்குப் புத்தி உள்ளவர்களைப் பொறுக்கி கோபால் படிக்க அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் மொழிதான், யாரோ ஒரு கோபாலைத் தேடிப் போக வேண்டாம்.

ரிசர்வ் வங்கித் துணை ஆளுநராக இருந்த சி.ரங்கராஜன் தலைமையிலான முதல் குழுவின் அறிக்கை 1984இல் வந்தது. அதன்பின் கிளைகளுக்கு வந்தவைதான் 'அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்'கள். ஒவ்வொன்றும் தனித்தீவு. பக்கத்து மெஷினோடுகூடப் பேசாது. பேரேட்டை எந்திரத்துக்குள் போட்டார்கள், அவ்வளவுதான். அதே 1984இல் நம்ம ஊர்ப்பக்கம் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரியும் சிவகாசியில் மெப்கோவும் தொடங்கின. எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்த வருஷம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் வங்கியிலோ அவர்களுக்கு வேலை இல்லை.

1989இல் ரங்கராஜனின் இரண்டாவது குழு அறிக்கை, 1993இல் இன்னொரு ஒப்பந்தம் என்று வரம்புகள் தளர்ந்தன. ஆனாலும் வேகத்தைக் கூட்டியது எதிர்பாராத இடத்திலிருந்து வந்த ஒரு உத்தரவு. மத்திய ஊழல் தடுப்பு ஆணையராக இருந்த என்.விட்டல், 2001 ஜனவரி 1க்குள் ஒவ்வொரு பொதுத்துறை வங்கியும் தன் வியாபாரத்தில் 70 சதவீதத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தாக வேண்டும் என்றார். கையால் எழுதும் கணக்கில் மோசடி ஒளிந்துகொள்ள இடம் அதிகம் என்பது அவர் கட்சி. இதே விட்டல்தான் 90களின் தொடக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் துறைச் செயலராக இருந்து மென்பொருள் பூங்காக்களுக்கு வழி போட்டவர்.

அடுத்து நடந்தவை எல்லாம் ரெண்டு மூணு வருஷத்துக்குள். 2000–01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். 2001இல் பி.எஸ்.ஆர்.பி.க்கள் கலைக்கப்பட்டன. 2002இல் ஸ்டேட் வங்கி தன் மையக் கணினித் திட்டத்தை டி.சி.எஸ்.ஸிடம் கொடுத்தது. உள்ளே இருந்த ஆள் குறைந்தார், புது ஆள் எடுக்கும் வாசல் சாத்தப்பட்டது, வேலை வெளிக் கம்பெனிக்குப் போனது. என் வயதுக்காரர்கள் பி.இ. முடித்து வெளியே வந்த நேரம் சரியாக இதுதான். அமெரிக்காவில் டாட்காம் குமிழி வேறு உடைந்திருந்தது. கையில் டிகிரியோடு ஊருக்கும் சென்னைக்கும் ராத்திரி பஸ்ஸில் அலைந்தவர்கள் நிறைய. வங்கிக்கான சாஃப்ட்வேர் எழுதினார்கள், ஆனால் வங்கி ஊழியராக இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஐ.ஓ.பி. வெகுகாலம் 'கிரவுன்' என்ற தன் சொந்த மென்பொருளில் ஓடியது. வங்கியின் உள்ளேயே வளர்த்தது. பிறகுதான் ஃபினக்கிளுக்கு மாறியது. சொந்த மென்பொருள் நல்லதா, வாங்குவது நல்லதா என்பது தனி விவாதம். ஆனால் செட்டிநாட்டுக்காரர் எம்.சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய வங்கி, கணக்கு எழுதும் வேலையை அவ்வளவு காலம் வெளியாளிடம் விடாமல் வைத்திருந்தது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

வெளிநாட்டு வங்கிகள் வேறு பாதையில் வந்தன. சிட்டி வங்கி 1985லேயே பம்பாயில் தனக்கென மென்பொருள் நிறுவனம் தொடங்கியது. அதன் கிளையாக வந்த கம்பெனிதான் பின்னாளில் ஐ-ஃப்ளெக்ஸ் ஆகி ஆரக்கிளிடம் போனது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் 2001இல் சென்னையில் 'ஸ்கோப் இன்டர்நேஷனல்' தொடங்கியது. பிறகு ஒவ்வொன்றாகப் பல பெரிய வங்கிகள். இன்றைக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகள் "பெரிய பேங்க்ல இன்டர்வியூ" என்று சொன்னால் பெரும்பாலும் ஓ.எம்.ஆர். சாலையிலோ போரூர் பக்கமோ இருக்கும் இந்த மாதிரி இடம்தான். அங்கே வாடிக்கையாளர் யாரும் வரமாட்டார். டோக்கனும் கிடையாது, பணப்பெட்டியும் கிடையாது.

இன்டர்வியூ எப்படி இருக்கும்? முதலில் ஆன்லைனில் கோடிங் தேர்வு. பிறகு ரெண்டு டெக்னிக்கல் சுற்று, ஒரு டிசைன் சுற்று, ஒரு மேனேஜர், கடைசியில் ஹெச்.ஆர். அதன்பின் வாரக்கணக்கில் சரிபார்ப்பு. முதல் சுற்றில் வரும் மரம், கிராஃப் புதிர்களுக்கும் வங்கிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது என் கருத்து. ஆள் அதிகம் வருவதால் வைத்த வடிகட்டி, பி.எஸ்.ஆர்.பி.யின் ரீசனிங் தாள் மாதிரி. நிஜமான கேள்வி டிசைன் சுற்றில்தான் வரும். பணம் அனுப்பச் சொன்ன செய்தி ரெண்டு தடவை வந்தால் என்ன செய்வாய்? பதிலே வராமல் போனால் போனதாக எடுத்துக்கொள்வாயா, போகாததாகவா? ரெண்டு சிஸ்டத்தின் கூட்டலும் இடித்தால் முதலில் எதைப் பார்ப்பாய்?

இதெல்லாம் காகிதப் புலி இல்லை. 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் பேரில் ஸ்விஃப்ட் வழியாகப் போலி உத்தரவுகள் போய் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸில் மாயமானது. இலங்கைக்குப் போக வேண்டிய இன்னொரு 2 கோடி டாலர், பெறுநர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லின் எழுத்துப் பிழையை இடையில் ஒரு வங்கி கவனித்ததால் தப்பியது. சரியாக ரெண்டு வருஷம் கழித்து, 2018 பிப்ரவரியில், 1904இல் கும்பகோணத்தில் பிறந்த நம்ம சிட்டி யூனியன் வங்கியில் அதே பாணி. மூன்று போலி உத்தரவுகள், சுமார் 20 லட்சம் டாலர். இரண்டு சம்பவத்திலும் ஸ்விஃப்ட் செய்திகளை அச்சடிக்கும் பிரிண்டரை முதலில் முடக்கியிருந்தார்கள். உறுதிச் செய்தி காகிதத்தில் வரவில்லை. கும்பகோணத்தில் விஷயம் பிடிபட்டது எப்படித் தெரியுமா? மறுநாள் காலை கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோது இடித்தது. பேரேட்டுக் காலத்து டேலிதான். அதே மாதத்தில் வெளியே வந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில் அந்த ஒப்பீடே இல்லை. ஸ்விஃப்டில் போன உத்தரவுகள் வங்கியின் மையக் கணக்கில் ஏறவே இல்லை, ரெண்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் இல்லை. அதனால் வருஷக்கணக்கில் தெரியாமல் போனது. தொகை ஆயிரம் கோடிகளில்.

ஆகவே நான் கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கும்போது, "ரோல்பேக் ஆகிடும்" என்று சொன்னவரிடம் அடுத்து ஒன்று கேட்பேன். ரெண்டு கணக்கும் ஒரே வங்கியில் இல்லை, பி வேறு வங்கி. இப்போ ரோல்பேக் யார் பண்ணுவார்? அங்கே ஆசிட் உதவாது. இடையில் ஒரு நிறுத்திவைப்புக் கணக்கு வேண்டும், ஒப்பீடு வேண்டும், ஒப்பீட்டில் இடித்ததைத் தூக்கிப் பார்க்க ஒரு மனுஷர் வேண்டும். யூபிஐயில் பணம் கழிந்து எதிராளிக்குப் போகாமல் பிறகு திரும்பி வருகிறதே, அது இந்த ஏற்பாட்டின் வேலை. அப்பா வங்கியில் காசாளராக இருந்த ஒரு பெண் இதற்கு டக்கென்று பதில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "எங்கப்பா சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டு வைப்பார் சார்" என்றார். கோடிங் சுற்றில் சுமாரான மதிப்பெண்தான். எடுத்துக்கொண்டோம்.

பொதுத்துறை வங்கிகளின் வாசல் பிறகு திறந்தது. 2011இல் ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வு முறை வந்தது, அடுத்த ஆண்டு முதல் சிறப்பு அதிகாரிகளுக்கும். அதில் 'ஐ.டி. ஆபீசர்' ஒரு பிரிவு. கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் மாதிரிப் பிரிவுகளில் நாலு வருஷ பி.இ. இருந்தால் போதும், வயசு 20 முதல் 30. முதல்நிலை, முதன்மை, கடைசியில் இன்டர்வியூ. முதன்மைத் தேர்வுக்கு 80, இன்டர்வியூவுக்கு 20 என்று எடை. முதன்மையில் துறை அறிவுத் தாள் பல ஆண்டுகளாக 45 நிமிஷத்தில் 60 கேள்வி. நெட்வொர்க், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம். ஒரு வரி புரோகிராம்கூட எழுதச் சொல்ல மாட்டார்கள். தனியார் பக்கம் புதிரை மட்டும் பார்த்தால் இவர்கள் மனப்பாடத்தை மட்டும் பார்க்கிறார்கள். கிளார்க் வேலைக்கு 2016இலிருந்து இன்டர்வியூவே எடுத்துவிட்டார்கள். சிபாரிசுக்கு இடமில்லாமல் போனதால் அது நல்லதே என்று நினைக்கிறேன்.

மொழியில்தான் இன்னும் முள் இருக்கிறது. கிளார்க் தேர்வைத் தமிழ் உட்பட 13 வட்டார மொழிகளில் நடத்த 2021 செப்டம்பரில் நிதி அமைச்சகம் பரிந்துரைத்தது. கிராம வங்கித் தேர்வுகளுக்கு 2019லேயே அந்த அறிவிப்பு வந்துவிட்டது. ஐ.டி. ஆபீசர் தேர்வு மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். டேட்டாபேஸை எப்படியும் இங்கிலீஷில்தானே படித்தோம் என்று சொல்லலாம். ஆனால் முதல்நிலையில் வடிகட்டுவது டேட்டாபேஸ் இல்லை, ரீசனிங்கும் கணக்கும் இங்கிலீஷும். வட்டமேஜையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்த கணக்கை, இந்திக்காரப் பையன் தன் தாய்மொழியில் படித்துவிட்டு விடையைக் குறித்துக்கொண்டிருக்கும்போது, வத்திராயிருப்பிலிருந்து வந்த பையன் முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த இருபது முப்பது நொடிக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.